தூங்கும் நேரத்துக்குப் பாதி

தனம் யாரையும் திருப்பித் திட்டியவள் அல்ல. நாற்பத்தாறு வயதில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை அமைதி. அது ஒரு நற்குணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கே அப்படி ஒரு எண்ணம் இருந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த பழிவாங்கும் முறை ஒன்றே ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அதற்கு வாய் தேவைப்படவில்லை.

இருபத்தெட்டு வயதில் தாம்பரம் பக்கம் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாதிரி அட்டையில், இடது பக்கம் இருக்க வேண்டிய பாக்கெட் குறி வலது பக்கம் விழுந்திருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லப் போனாள். அவன் போனில் இருந்தான். "யோசிக்கிறதுக்கு உனக்குச் சம்பளம் கிடையாது. குறி எங்க இருக்கோ அங்க தை" என்றான். தனம் தைத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு சட்டைகள். மாலையில் அவற்றை எண்ணி அடுக்கியும் வைத்தாள். மறுவாரம் சூப்பர்வைசர் வேலையில் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு தீபாவளிக்குக் கணவன் அரிகிருஷ்ணன் குடித்துவிட்டு, "உன் துட்டு என் வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்றான். அவன் பெயிண்டர், குணம் கெட்டவன் அல்ல, மறுநாள் காலை அதைச் சொன்னதே அவனுக்கு நினைவில்லை. ஆனால் தனத்தின் துட்டு இரண்டு வருடம் அந்த வீட்டுச் செலவில் சேரவில்லை. தனக்கு மட்டும் காலாழாக்கு அரிசி வாங்கி, அதே அடுப்பில் அவனுக்குப் பிறகு பொங்கித் தின்றாள். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையில் ஒரே வீட்டில் இரண்டு சோறு வேகிறதென்று ஊரே சிரித்தது. கடைசியில் அவன்தான் வந்து கேட்டான், அழுதுகொண்டு. கேட்டபிறகு கொடுத்தாள்.

இதையெல்லாம் வீரம் என்று சொல்லத் தோன்றவில்லை. எதிர்த்துப் பேச இடமில்லாதவர்கள் கீழ்ப்படிதலையே கத்தியாகத் தீட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கத்திக்குப் பிடி கிடையாது, பிடித்திருப்பவரின் கையையும் அது வெட்டும். தனத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் பிடித்திருந்தாள்.

ஆறு பொங்கி ஊரை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்தைக் காலி செய்து அவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் ஏழாம் தளத்தில் குடியேற்றினார்கள். கண் மங்கித் தையல் விட்டுப்போனது. பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்தாள். கை ராசிக்காரி என்று பெயர் எடுத்தாள். மூன்று வீடுகளில் மூன்று குழந்தைகளைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். நான்காவதாக வந்ததுதான் செம்பாக்கத்தில் ஸ்ரீவித்யாவின் வீடு.

அங்கே சம்பளம் பேசியது ஒரு மார்ச் மாதம். ஸ்ரீவித்யாவுக்குச் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கணவன் பத்ரிக்குப் பெங்களூரில். வெள்ளி இரவு வந்து ஞாயிறு கிளம்புவான். பெண் குழந்தை ரோஹிணிக்கு அப்போது ஐந்து மாதம். ஸ்ரீவித்யா குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஆயாவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் என்றார்கள் சிலர், பதினைந்து என்றார்கள் சிலர். "பதிமூணரை, ஓகேவா தனக்கா?" என்றாள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை, ஞாயிறு லீவு. தனம் சரி என்றாள். இரண்டு பக்கமும் யாருக்கும் நஷ்டமில்லாத பேச்சு. அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஜூன் மாதம் பத்ரியின் அப்பா சுப்ரமணியன் வந்து சேர்ந்தார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக் கரைக்கு எத்தனை கன மீட்டர் மண் போட்டான், எவ்வளவு ஆழம் வெட்டினான் என்று அளந்து, அளந்த வேலைக்கு மட்டும் பில் பாஸ் பண்ணிய மனிதர். லஞ்சம் வாங்காதவர் என்று பெயர். அளவில் வராத எதையும் அவர் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை.

குழந்தையின் அறையில் அலமாரிக்கு மேல் ஒரு சின்னக் கேமரா இருந்தது. ஸ்ரீவித்யா ஆபீசிலிருந்து பார்ப்பதற்காக வாங்கியது. குழந்தை எப்போது தூங்கியது, எப்போது விழித்தது என்று அது தானாகக் குறித்துப் போனுக்கு அனுப்பும். அந்தக் குறிப்பை மாமனார் தன் போனிலும் வரும்படி செய்துகொண்டார். பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் தனத்தைக் கூப்பிட்டார்.

"உட்காரு தனம்."

அவள் நின்றாள்.

"குழந்தை ஒரு நாளைக்கு ஆவரேஜா மூணு மணி நேரம் தூங்கறது. அந்த மூணு மணி நேரம் நீ என்ன வேலை பண்றே?"

"பக்கத்துல இருக்கேன் சார்."

"இருக்கே. கரெக்ட். இருக்கறது வேற, வேலை பண்றது வேற. உன் சம்பளம் மணிக்கு அறுபது ரூபா வருது. தூங்கற நேரத்துக்கும் அறுபதுன்னா அது எப்படி நியாயம்? நான் பாதி போட்டிருக்கேன். முப்பது. சும்மா உட்கார்றதுக்கு முப்பதே ஜாஸ்தி. அடுத்த மாசத்திலேர்ந்து இதுதான்."

ஸ்ரீவித்யா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனம் அவளைப் பார்த்தாள். "மாமா, அதெல்லாம் எதுக்கு" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதையும் தனம் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க சார்" என்றாள்.

அன்று மாலை செம்பாக்கம் நிறுத்தத்தில் ருக்ஸானாவிடம் சொன்னாள். ருக்ஸானா அதே குடியிருப்பில் இரண்டு வீடுகளுக்குச் சமைப்பவள், பெரும்பாக்கத்தில் பக்கத்து பிளாக். இருவரும் மேடவாக்கம்வரை ஷேர் ஆட்டோவில் சேர்ந்து போவார்கள்.

"இன்னாக்கா சொல்றே? பிள்ளை தூங்கினா துட்டு கட்டா?" ருக்ஸானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எங்க வூட்டம்மா, சோறு வேகற நேரத்துக்குத் துட்டு இல்லன்னு சொல்லும். அடுப்புதானே வேலை செய்யுது, நீ இன்னா பண்றேன்னு கேக்கும்."

"கேக்கும்."

"நீ வுட்டுட்டு வாக்கா. சி பிளாக்ல ஒரு வூடு கீது. ரெட்டப் பிள்ளை."

"இல்லடி. இங்கயே இருக்கேன்."

"இருந்து?"

"அவரு சொன்னபடியே செய்யறேன்."

ருக்ஸானா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அரிகிருஷ்ணனின் இரண்டு வருடச் சோற்றுக் கதை அவளுக்குத் தெரியும். "பேஜாரு புடிச்சவக்கா நீ" என்றாள்.

ஒரு குழந்தையின் தூக்கம் தானாக வருவது என்று நினைப்பவர்கள், தூங்க வைத்த கையைப் பார்க்காதவர்கள். தனத்துக்கு ரோஹிணியின் தூக்கம் உள்ளங்கை ரேகைபோல. எந்த நேரத்தில் காதைத் தேய்க்கும், எந்தத் தேய்ப்பு பசி, எந்தத் தேய்ப்பு தூக்கம், தூங்கி எத்தனை நிமிடத்தில் ஒரு முறை புரளும், அந்தப் புரளலில் கண் திறக்குமுன் எவ்வளவு மெதுவாக ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். இத்தனை நாள் அவள் அதை அளவோடு வைத்திருந்தாள். காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் இரண்டு. இரவில் தாய் தூங்க வேண்டுமே என்று, சாயங்காலம் நாலு மணிக்குமேல் குழந்தையின் கண் சொக்கினால் பால்கனிக்குத் தூக்கிப்போய்க் காக்கா காட்டுவாள். யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை. அது கேமராவிலும் வராது.

ஜூலை முதல் தேதியிலிருந்து காக்கா காட்டுவதை நிறுத்தினாள்.

ஒன்பதரைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினாள். வயிறு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி. அறையின் கனத்த திரையை இழுத்துவிட்டாள். கொக்கியிலிருந்து தன் பழைய நூல் சேலையில் கட்டிய தூளி தொங்கியது. இருபதாயிரத்துக்கு வாங்கிய தொட்டில் கட்டில் ஓரமாக நின்றது. தூளியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கயிற்றைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டரை வரை எழவில்லை. பிறகு சோறு, கொஞ்சம் விளையாட்டு. ஒன்றரைக்கு மறுபடி திரை, மறுபடி தூளி. நாலரை வரை. குழந்தை புரளும்போதெல்லாம் விரல் அசைந்தது. ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்வது, ஆறு மணி நேரம் ஓடுவதைவிடக் கடினம். வாரக் கடைசியில் அவள் இடுப்பு மரத்துப்போனது. சம்பளமும் தேய்ந்துகொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு, பெண்களுக்குக் காசில்லாத பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் நின்றாள்.

மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கும் ஆயாக்களை அவளுக்குத் தெரியும். அவர்களோடு அவள் பேசமாட்டாள். அவள் செய்தது எல்லாம் நல்ல ஆயா செய்வதுதான், இரண்டு மடங்காக.

இரண்டாம் வாரத்தில் ஸ்ரீவித்யாவின் கண்களுக்குக் கீழே கறுத்தது. மூன்றாம் வாரத்தில் அவள் ஒருநாள் பல் தேய்க்கும் பிரஷைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடினாள். "ராத்திரி ரெண்டு மணிக்கு விளையாடறா தனக்கா. கை தட்டறா. நாலு வரைக்கும். மீட்டிங்ல என் பேரையே மறந்துட்டேன்" என்றாள்.

"பல்லு வருதோ என்னவோ மேடம்" என்றாள் தனம்.

அந்தப் பொய் அவளுக்கு இனித்தது. மாமனாரிடம் ஸ்ரீவித்யா சொல்லாமல் விட்ட இரண்டாவது தடவைக்கு அது என்று வைத்துக்கொண்டாள்.

சுப்ரமணியனின் அறை கூடத்துக்கு அப்பால். இரவில் காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார். அவர் நன்றாகத் தூங்கினார். காலையில் போனைத் திறந்து முந்தின நாள் குறிப்பைப் படிப்பார். ஆறு மணி பத்து நிமிடம். ஐந்து மணி ஐம்பது. அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். முப்பத்தாறு வருடம் ஒப்பந்தக்காரர்களின் பொய் அளவுகளைக் குறைத்துப் பழகியவருக்கு, கொடுக்க வேண்டிய தொகை குறைகிறது என்றால் உண்மை வெளிவருகிறது என்று பொருள். தன் பேத்தி ஏன் இப்படித் தூங்குகிறாள் என்ற கேள்வி அந்த மாதம் முழுவதும் அவருக்கு வரவில்லை. கண்ணெதிரே இருந்தது; அவர் அதை மிச்சம் என்று படித்தார்.

மாதக் கடைசியில் கவரை நீட்டினார். "மொத்தம் நூத்தி நாப்பத்தஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கா. நாலாயிரத்து முந்நூத்தம்பது பிடிச்சிருக்கேன். ஒன்பதாயிரத்து நூத்தம்பது. எண்ணிக்கோ."

தனம் அவர் முன்னாலேயே எண்ணினாள். "சரியா இருக்கு சார்."

வாசலில் ருக்ஸானா காத்திருந்தாள். தொகையைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "யாருக்கா யாரைப் பழி வாங்கறது? நாலாயிரம் போச்சு. உன் வூட்டு கேஸு, கரண்டு, அரிகிருஷ்ணண்ணன் மாத்திரை எல்லாம் எங்கேர்ந்து வரும்?"

"வரும்."

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க சகிக்கல. லிப்ட்ல நின்னுகினே தூங்குது. பாவமா இல்லையா உனக்கு?"

"எனக்கு மட்டும் யாருடி பாவம் பாத்தாங்க" என்றாள் தனம். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பத்ரி வந்திருந்தபோது வீட்டில் பேச்சு நடந்திருக்க வேண்டும். திங்கள்கிழமை காலை தனம் உள்ளே வந்ததும் சுப்ரமணியன் கூடத்தில் நின்றிருந்தார்.

"உன் பையைக் கொஞ்சம் திற."

"எதுக்கு சார்?"

"குழந்தை பகல்ல அடிச்சுப் போட்டாப்பல தூங்கறா. ராத்திரி பேய் மாதிரி முழிச்சிண்டிருக்கா. சிரப் கிரப் ஏதாவது கொடுக்கறியோன்னு சந்தேகம். தப்பா நினைக்காதே."

ஸ்ரீவித்யா தலையைக் குனிந்துகொண்டாள். தனம் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ரத்த அழுத்த மாத்திரை, ரேஷன் கார்டின் நகல், ஒரு கைக்குட்டை. சுப்ரமணியன் மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திப் பெயரைப் படித்தார். டப்பாவைத் திறந்தும் பார்த்தார். எலுமிச்சம்பழச் சாதம். மூடி வைத்தார்.

அதுவரை அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது: இந்த மாதமும் பார்ப்போம், பிறகு தானாகச் சொல்லி நிறுத்திவிடுவோம் என்று. அந்த மூடி மூடிய சத்தத்தில் அந்தக் கணக்கு போய்விட்டது. இனி பணம் திரும்ப வந்தால் போதாது. தூக்கத்துக்குப் பாதி என்று சொன்ன வாய், அதை மாற்றிச் சொல்ல வேண்டும். அவள் காதுபட. வேறு எவர் வாயும் ஆகாது.

அன்று மாலையே குழந்தை மருத்துவரிடம் போனார்கள். என்ன நடந்தது என்று மறுநாள் ஸ்ரீவித்யா ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் சொன்னாள். டாக்டர் குழந்தையைச் சோதித்துவிட்டு, நன்றாக இருக்கிறாள், எடைகூடக் கூடியிருக்கிறது, பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று மட்டும் கேட்டாராம். போனைத் திறந்து காட்டினார்களாம். "ஆறு மணி நேரமா? ஒரு மாசமாவா? இதை யாரும் பாக்கலையா?" என்றாராம் டாக்டர்.

"மாமா ஒண்ணுமே பேசலை" என்றாள் ஸ்ரீவித்யா. தனத்தை ஏதோ கேட்க வந்தவள்போல ஒரு கணம் நின்றாள். கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தாங்க வேண்டியிருக்கும். "அவர் சொல்வார், எப்படிப் பாத்துக்கணும்னு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சுப்ரமணியன் சொன்னார். டாக்டர் பகல் தூக்கத்தை இரண்டரை மணி நேரமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் அறையில் பட்ட அவமானம் அவர் குரலில் வேறாக மாறியிருந்தது.

"இனிமே பகல்ல தூங்க விடக் கூடாது. புரியறதா?"

தனம் வழக்கமாக ஒரு தடவைதான் கேட்பாள். அன்று இரண்டு தடவை கேட்டாள். "கொஞ்சம்கூடவா சார்?"

"கொஞ்சம்கூட. நான் போன்ல பாத்துண்டே இருப்பேன்."

"தூக்கம் வந்தா?"

"எழுப்பு. அதுக்குத்தானே சம்பளம்."

"சரிங்க சார்."

தூளியை அவிழ்த்து மடித்து வைத்தாள். திரைகளைத் திறந்தாள். குழந்தை விடியற்காலை நாலுவரை விழித்திருந்து எட்டு மணிக்குத்தான் எழுந்திருந்தது. பத்தரைக்கு ஒரு காதைத் தேய்த்தது. தனம் கிலுகிலுப்பையை ஆட்டினாள். பதினொன்றுக்கு இரண்டு காதையும் தேய்த்தது. பால்கனி வெயிலுக்குத் தூக்கிப் போனாள். பன்னிரண்டுக்கு ரோஹிணி அவள் ரவிக்கையைப் பிடித்து இழுத்துத் தூளி தொங்கிய கொக்கியைப் பார்த்தது. பேச்சு வராத குழந்தை கைகாட்டிக் கேட்டது. தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோளில் தலை சாய்ந்தது. அவள் தோளைக் குலுக்கினாள். குழந்தை திடுக்கிட்டு விழித்து, உதட்டைப் பிதுக்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் அவளையே பார்த்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி குலுக்கினாள்.

மூன்றாம் தடவை அவளால் முடியவில்லை. இவ்வளவு நாள் வேறு யார்மேலேயோ எறிந்துகொண்டிருந்த கல் இந்தச் சின்ன உடம்பின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி அல்ல. ஆனால் இதற்கு முன் அந்த உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது விழித்து அவளைப் பார்த்தது. ஒரு நல்லவள் இந்த இடத்தில் தூளியைக் கட்டியிருப்பாள். தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

சுப்ரமணியன் நாற்காலியில் மோர் குடித்து முடித்திருந்தார்.

"தூங்கப் பாக்குது சார். என்னால எழுப்ப முடியல. நீங்க கொஞ்சம் முழிச்சிக்க வையுங்க" என்று அவர் தோளில் கிடத்தினாள்.

அவர் "ரோஹிணிக் குட்டி, ரோஹிணிக் குட்டி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். குழந்தை அவர் கழுத்தில் மூக்கைப் புதைத்தது. மூச்சு நீண்டது. அவர் தட்டியெழுப்பக் கையை உயர்த்தினார். உயர்ந்த கை குழந்தையின் முதுகில் வந்து அப்படியே படிந்தது. மனைவி போனபிறகு அவர்மேல் யாரும் சாய்ந்ததில்லை போலும்.

தனம் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சுவரில் மணி ஒன்று பத்து. கால் மணி நேரம் போனது. மின்விசிறி சுழன்றது.

"கீழே படுக்க வைக்கட்டுமா?" என்றார், உதடு மட்டும் அசைய.

"வெச்சா முழிச்சிக்கும் சார். முழிச்சா மறுபடி தூங்காது. சாயங்காலம் வரைக்கும் கத்தும்."

அவர் அசையாமல் இருந்தார். மணி இரண்டாகியது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவருக்கு மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டும் என்பது தனத்துக்குத் தெரியும். தூளிப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாதமாக அவள் கேட்ட சத்தங்களில் அதுவும் ஒன்று. கடைசியாகப் போனது பன்னிரண்டே முக்காலுக்கு. பிறகு ஒரு பெரிய டம்ளர் மோர்.

"எடுத்துக்கோ தனம்" என்றார்.

"எடுத்து என்ன சார் பண்றது? தூங்க விடக் கூடாதுன்னீங்க. நான் எடுத்தா எழுப்பணும்."

"எழுப்ப வேண்டாம். தூங்கட்டும்."

"தூங்கட்டுமா?"

"தூங்கட்டும்னு சொல்றேனே."

"தூங்கினா ரேட்டு என்ன சார்?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்: ஆறு மணி பத்து நிமிடமும், ஐந்து மணி ஐம்பதும். தன் வாழ்நாளில் எத்தனையோ ஒப்பந்தக்காரர்களைப் பிடித்தவர். இவள் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் அவருடைய அளவையே அவருக்குத் திருப்பித் தந்திருந்தாள்.

"நீ... வேணும்னே..."

"நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சேன். இப்ப நீங்க ஒரு மணி நேரமா சும்மா உக்காந்திருக்கீங்க. முப்பது ரூபா ஆச்சு."

அவர் கால்களைச் சேர்த்துக்கொண்டார். குழந்தை புரண்டது; அவர் தானறியாமல் மெல்ல முன்னும் பின்னும் ஆடினார். அது மறுபடி அடங்கியது.

"எடும்மா. அவசரம்."

தனம் எழவில்லை. "ரேட்டு சொல்லுங்க சார்."

"சரி. முழுசு."

"எதுக்கு முழுசு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது மனிதரை இப்படி உட்கார வைத்துக் கேட்பது அழகான காட்சியல்ல. தனத்துக்கு அது தெரிந்தே இருந்தது. எலுமிச்சம்பழச் சாதத்தின் மூடி திறந்ததையும் அவள் அழகான காட்சியாகப் பார்த்திருக்கவில்லை.

"தூங்கற நேரத்துக்கும் முழுச் சம்பளம்" என்றார். "அதுவும் வேலைதான்."

கடைசி இரண்டு வார்த்தைகள் அவள் கேட்டு வாங்கியவை அல்ல, அவராகச் சொன்னது. அவள் எழுந்து, ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, ஒரே வழுக்கில் தன் தோளுக்கு மாற்றினாள். குழந்தை கண் திறக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு விரைந்து போனார்.

குழந்தையைத் திருப்ப அவளுக்குப் பதினொரு நாள் ஆனது. தினமும் கால் மணி நேரமாகப் பகல் தூக்கத்தைக் குறைத்தாள், சாயங்காலம் மறுபடி காக்கா காட்டினாள். ஒருநாள் காலை ஸ்ரீவித்யா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, "ஆறு மணி நேரம் ஒரே மூச்சா தூங்கினா தனக்கா, நானும்தான்" என்றாள். தனம் தலையசைத்தாள். ஸ்ரீவித்யாவிடம் இருந்த கணக்கு அதோடு தீர்ந்தது. அவளிடம் மட்டும்.

சுப்ரமணியன் அதன்பிறகு போனில் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. தனத்தை எதிரில் கண்டால் தினசரியை உயர்த்திக்கொள்வார். ஒருநாள் மத்தியானம் குழந்தையின் அறை வாசலில் வந்து நின்று, தூளி ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். தன் மனைவி பத்ரியை ஆட்டியதை நினைத்தாரோ என்னவோ. தனம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பது அவள் வேலை இல்லை.

"போன மாசம் புடிச்ச துட்டைத் திருப்பித் தரப் போறாராம். அந்தப் பொண்ணே லிப்ட்ல சொல்லிச்சு" என்றாள் ருக்ஸானா, ஆகஸ்ட் கடைசியில். "பெரிய மனசு பண்ணிக்கினாரு கிழவரு. தந்தா மூடிக்கினு வாங்கிக்கோக்கா. உன் வழக்கத்தைக் காட்டாதே."

தனம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாதக் கடைசி நாள் சுப்ரமணியன் அவளை வாசல்வரை வந்து நிறுத்தினார். இரண்டு கவர்கள். ஒன்றில் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. எண்ணினாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டாவதை அவர் இரண்டு கையாலும் நீட்டினார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"ஜூலைல பிடிச்சது. நாலாயிரத்து முந்நூத்தம்பது. நான் பண்ணினது தப்பு தனம். வெச்சுக்கோ. எனக்கும் மனசு கொஞ்சம் லேசாகும்."

கேஸ் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. அரிகிருஷ்ணனின் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கவரின் கனத்தை அவள் பார்த்தவுடனேயே அறிந்தாள். அவர் முகத்தில் காத்திருந்த அந்த லேசையும் பார்த்தாள். அவள் கை நீட்டியிருந்தால் அன்றிரவு அவர் ஒரு நல்ல மனிதராகத் தூங்கியிருப்பார்.

"அது தூக்கத்துக்குப் பிடிச்சது சார்" என்றாள். "பிள்ளை தூங்கிச்சு. அந்த மாசம் பேச்சு அதுதான். உங்க கணக்கு சரி."

"அதான் தப்புன்னு சொல்றேனே."

"நான் அப்பவே எண்ணி, சரியா இருக்குன்னு சொல்லிட்டேன் சார்."

"தனம், வாங்கிக்கோ. கேட்டுக்கறேன்."

அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே ஸ்ரீவித்யா குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்ட் ஒரு தடவை வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக் கீழே போனது. சுப்ரமணியன் கையை மெல்லத் தாழ்த்தினார். அவர் அந்தக் கவரை மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும்வரை தனம் செருப்பை மாட்டாமல் அங்கேயே நின்றாள்.